நாலாவது தடவை

ஒன்பது பத்துக்கு அவன் இரும்புக் கேட்டைத் திறந்தான். ஒன்பது என்று சொல்லியிருந்தான். அந்தப் பத்து நிமிடத்துக்குள் அவர் மூன்று முறை வாசலுக்குப் போய்த் திரும்பியிருந்தார்.

"வாங்க தம்பி," என்றார். மாப்பிள்ளையாக இருந்தவனை இனி எப்படிக் கூப்பிடுவது என்று நேற்றிலிருந்து யோசித்து எடுத்த முடிவு.

"நல்லா இருக்கீங்களா சார்," என்றான். அவனும் யோசித்திருக்க வேண்டும்.

அவன் லிப்ட் மெக்கானிக்; முன்பு இந்த வீட்டுக் காரையும் அவன்தான் பார்த்துக்கொள்வான். சொந்தக் கருவிப் பெட்டியோடு வந்திருந்தான். அவர் மகளும் அவனும் பிரிந்து மூன்று வருடம் ஆகிறது. தெருமுனையில் ஒரு பட்டறை இருக்கிறது. ஆனாலும் அவர் இவனுக்குத்தான் போன் செய்தார். காரின் பின்பக்கம் இரைகிறது, இந்த வண்டியின் சுபாவம் வேறு யாருக்கும் தெரியாது என்றார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றான் அவன்.

இரைச்சல் உண்மைதான். வேகம் அறுபதைத் தொட்டால் மாவு மில்லுக்குள் உட்கார்ந்திருப்பது போலிருக்கும்.

அவன் முன்சக்கரங்களுக்குச் செங்கல் அண்டக்கொடுத்தான். ஜாக்கியால் பின்பக்கத்தைத் தூக்கித் தாங்கி நிறுத்தினான். கைப்பிரேக்கை விடுவித்து, சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்த்தான். இடது சக்கரம் கரகரத்தது. வலதில் சத்தம் இல்லை. பிடித்து அசைத்தால் மட்டும் லேசாக ஆடியது.

"பேரிங் ரெண்டு பக்கமும் மாத்திடலாம். சாமான் இருக்கா?"

இருந்தது. சத்தம் வரும் பக்கத்துக்கு மட்டும் போதும் என்றுதான் கடைக்காரர் சொன்னார். அவர்தான் இரண்டு பக்கத்துக்கும் கேட்டு வாங்கினார். இரண்டு சக்கரம் என்றால் வேலை பொழுது சாயும்வரை இழுக்கும். அதற்குள் சொல்லிவிடலாம்.

சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. மூன்று வருடத்துக்கு முன் மகள் இரண்டு பைகளோடு வந்துவிட்டாள். காரணம் பெரிதில்லை, இருவருக்கும் வார்த்தை தடித்திருந்தது. அந்த மாதத்தில் இவன் மூன்று முறை வந்தான். மூன்று முறையும் அவர் கேட்டிலேயே நிறுத்தி, அவள் வீட்டில் இல்லை என்று சொல்லி அனுப்பினார். அவள் மாடியில் இருந்தாள். இவன் வந்ததை அவளிடம் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. பெண்ணைக் கொடுத்தவன் எடுத்த எடுப்பில் இறங்கிவிடக் கூடாது, இவன் நாலு நடை நடக்கட்டும் என்று இருந்தார். நாலாவது தடவை வந்தால் உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பதாக இருந்தார். நாலாவது தடவை அவன் வரவில்லை. பிறகு எல்லாம் வக்கீல்கள் பேசிக்கொண்டார்கள்.

போன வாரம் மகள் அவள் வேலை பார்க்கும் ஊரிலிருந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் யாரோ கணவனும் மனைவியும் சண்டை போட்டுச் சேர்ந்துகொண்ட கதை. நடுவில், "இவர் ஒரு தடவகூட வந்து என்னக் கூப்பிடலையேப்பா," என்றாள். குறையாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த வாக்கியத்தில், குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாள்.

இடது சக்கரத்தின் பிரேக் டிரம் கழன்று வந்தது. உள்ளே கிரீஸ் தார்போலக் கறுத்திருந்தது. அவன் பழைய பேரிங்கைத் துணியில் துடைத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். உருளைகளில் அம்மைத் தழும்புபோலக் குழிகள்.

"எவ்வளவு நாளா சத்தம் வருது?"

"ஒரு வருஷம் இருக்கும்."

"வண்டில பாட்டு போட்டுக்குவீங்களா சார்?"

"ஆமா."

"அதான்."

மனைவி டீ கொண்டுவந்தாள். அவன் அவசரமாக எழுந்ததில் தலையை மட்கார்டில் இடித்துக்கொண்டான்.

"இந்த வண்டியும் இவர மாதிரிதான்ப்பா," என்றாள். "உள்ளுக்குள்ளயே முனகும். என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லம்பாரு."

அவன் சிரித்தான். அவள் அந்தச் சிரிப்பைப் பார்த்தபடி நின்றாள். டம்ளருக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டாள்.

டிரம்முக்குள் இறுகிக் கிடந்த பேரிங்கின் பழைய வளையங்களைத் தட்டி எடுக்க வேண்டியிருந்தது. அவர் டிரம்மைப் பிடித்துக்கொண்டார். அவன் பித்தளைக் கம்பியை ஊன்றி, ஒரே இடத்தில் அடிக்காமல் எதிரெதிர்ப் பக்கங்களில் மாற்றி மாற்றி அடித்தான். இரண்டு அடிகளுக்கு நடுவே சொல்லிவிடலாம் என்று தோன்றும். அடுத்த அடி விழுந்துவிடும். ஒருமுறை சுத்தியல் நழுவி அவன் கட்டைவிரலை உரசியது.

"பாத்து மாப்ள," என்றார்.

இருவரும் டிரம்மையே பார்த்தார்கள்.

"அசையாம பிடிங்க மாமா," என்றான் அவன்.

புது வளையத்தை இறக்கும்போது மந்தமாக இருந்த அடியின் சத்தம் கணீரென்று மாறியது. "உக்காந்துடுச்சு," என்று கம்பியை எடுத்தான்.

இடது சக்கரம் முடியும்போது மதியம் ஒரு மணி. அவர் சொல்லவில்லை. சாப்பிடும்போது மனைவி அவன் அம்மாவின் மூட்டுவலியைப் பற்றி விசாரித்தாள். மாத்திரையை நிறுத்திவிட்டார்களா, மாடிப்படி ஏறுகிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். அந்தம்மாவும் ஒருமுறை போன் செய்திருந்தால் இறங்கியிருப்போம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்ததுண்டு. இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

வலது பக்கம் அவர் நினைத்ததைவிட வேகமாகப் போனது. இடதில் பட்ட பாடு கைக்குப் பழகிவிட்டது. அவன் உள்ளங்கையில் கிரீஸை எடுத்து, பேரிங்கை அதில் அழுத்தி அழுத்தி உருளைகளின் இடுக்கெல்லாம் நிரப்பினான். டிரம்மை மாட்டினான். சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கினான், பிறகு சிறிது தளர்த்தினான். நட்டு கழலாமல் தடுக்கும் பின் ஒன்றுதான் பாக்கி. மணி மூன்றுகூட ஆகவில்லை.

"அன்னிக்கு," என்றார். பழைய பேரிங்கை எடுத்துத் தள்ளிவைத்தார். "அன்னிக்கு நீங்க வந்தப்ப அவ வீட்லதான் இருந்தா. மூணு தடவையும்."

பின்னைத் துளைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தவில்லை. நுனிகளை விரித்து இரு பக்கமும் மடக்கினான்.

"தெரியும்," என்றான். "மாடிக் கொடியில அவ துணி காஞ்சுட்டு இருந்துச்சு."

அவர் கோபத்துக்குத் தயாராக இருந்தார். அதற்கான பதில்களை ஒரு வாரமாகச் சேர்த்துவைத்திருந்தார்.

"அதுக்கு நீங்க ஏன் இப்ப சங்கடப்படுறீங்க. நடுவுல நீங்க என்ன பண்ணுவீங்க? அவ சொன்னத வந்து சொன்னீங்க." அவன் கையைத் துணியில் துடைத்தான். "அவ நேரா முகத்தப் பாத்து மாட்டேன்னு சொல்லியிருந்தா ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும். கீழகூட இறங்கி வர மாட்டேங்குறாளேன்னுதான் அதுக்கப்புறம் நான் வரல."

டிரம்மை ஒருமுறை சுழற்றிவிட்டான். அது சத்தமே இல்லாமல் சுற்றியது. காது கொடுத்துக் கேட்டான். திருப்தியாகத் தலையசைத்து, நன்றாயிருக்கிறது என்று காட்டுவதற்காக அவரைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் பார்வையை எடுக்கவில்லை. டிரம் வேகம் குறைந்து, குறைந்து, நின்றது.

"அவதானே இல்லன்னு சொல்லச் சொன்னா?"