சட்டை போட்ட மரமும் ஏழு நாள் நோட்டீசும்

2019ஆம் வருஷம் ஜூலை பதினோராம் தேதி காலையில், மாட்டுங்கா குமரன் நிவாஸ் வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரம் வெள்ளைச் சட்டை போட்டிருந்தது. பட்டுச் சட்டை. வேருக்கு ஒரு சாண் மேலே தொடங்கிக் கிளை பிரிகிற இடம்வரை ஒரே நெசவு. தையல் கிடையாது. காலர் உண்டு, இடது மார்பில் ஒரு பையும் உண்டு. அன்று தக்காளி கிலோ அறுபது ரூபாய்க்கு விற்றதால், கட்டிடத்து வாட்ஸ்அப் குழுவில் முதலில் அதைப் பற்றித்தான் பேசினார்கள். மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருந்த ரோசம்மா மட்டும் சட்டையை மேலும் கீழும் பார்த்து, "காலர் எடுப்பா இல்ல" என்று சொல்லிவிட்டுக் கரியைப் பற்றவைத்தாள்.

பைக்குள் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் மரத்தில் ஒட்டப்பட்ட நோட்டீஸ் அது. மரம் நோயில் விழுந்துவிட்டது, ஆபத்தானது, வெட்டப் போகிறோம், ஆட்சேபம் உள்ளவர்கள் ஏழு நாளில் சொல்லலாம் என்று மராத்தியில் எழுதியிருந்தது. ஒட்டச் சொன்னவர் கட்டிடச் சங்கத்துச் சேர்மன் பிரம்மநாயகம். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர். மரத்தை எடுத்துவிட்டு நாலு கார் நிறுத்த இடம் செய்து தருவேன் என்று வாக்குக் கொடுத்து, போன மாதம்தான் ஜெயித்து வந்திருந்தார். கட்டிடத்தில் கார் வைத்திருந்தவர்கள் பதினாறு பேர். நாலு இடமும் தனக்குத்தான் என்று பதினாறு பேரும் நம்பியதால் அவருடைய வெற்றி அமோகமாக இருந்தது.

மரம் போனால் ரோசம்மாவின் வண்டியும் போகும். தாராவியிலிருந்து தினமும் நடந்து வந்து பத்தொன்பது வருஷமாக அந்த நிழலில் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாட்டுங்காவில் ஒவ்வொரு மரத்தடிக்கும் ஏற்கெனவே ஒரு இஸ்திரிக்காரர் உண்டு. புதிதாக வண்டி நிறுத்த ஒரு முழம் நிழல்கூட மிச்சமில்லை. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விஷயம் என்பதால் யாரும் பேசவில்லை.

நோட்டீஸ் ஏழு நாள் தொடர்ந்து பொதுமக்கள் கண்ணில் பட வேண்டும் என்பது விதி. மாநகராட்சியில் மரங்களைப் பார்க்கும் வார்டு அதிகாரி சாவந்த் நேர்மையானவர், அதாவது விதியைத் தவிர வேறெதையும் படிக்காதவர். பைக்குள் இருக்கும் காகிதம் பொதுமக்கள் கண்ணில் படும் காகிதம் ஆகாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே எடுக்கலாமா என்று மேலிடத்தைக் கேட்டார். அடுத்தவர் சட்டைப்பைக்குள் கைவிடுவது தங்கள் துறையில் வராது என்று நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. இதற்கிடையில் தினமும் புது நோட்டீஸ் ஒட்டச் சொல்லி பிரம்மநாயகம் வாட்ச்மேன் பூதத்தானுக்கு உத்தரவு போட்டிருந்தார். தினமும் காலையில் அது பைக்குள் மடிந்து கிடந்தது. எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது.

சட்டையை நெய்தது யார் என்பதைக் கண்டுபிடித்தது இரண்டாம் மாடி ஜெஸி. வாஷியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள். பட்டுச் சட்டையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தபோது, உள்ளே எள்ளில் பாதி அளவில் ஆயிரக்கணக்கான பழுப்புப் பூச்சிகள் மந்தையாக ஒரே பக்கம் நகர்ந்தன. நாலைந்தைக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். உப்பிய முகம், நூல்போல நீண்ட உணர்கொம்பு, பாதத்தில் இரண்டே கணு. இறக்கை முழுக்க மயிர், அதில் நரம்பு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி மங்கல். சில பெண் பூச்சிகளுக்கு இறக்கை அரைகுறை. பறக்கிற உத்தேசமே இல்லை. வாயிலிருந்து பட்டு நூற்று, அந்த ஒரே கூரைக்குக் கீழே குடும்பம் குடும்பமாக வாழ்கிற ஜாதி. ஆர்க்கிப்ஸோஸிடே குடும்பம், மரப்பட்டைப் பேன் வகை, மரத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை, பட்டையில் படிகிற பூஞ்சணத்தையும் பாசியையும் மேய்ந்துவிட்டுப் போய்விடும் என்று குழுவில் எழுதினாள். குழுவில் இருந்தவர்கள் பேன் என்ற சொல்வரைக்கும் படித்தார்கள். அன்று மாலையே ஆறு வீட்டில் பேன்சீப்பு வாங்கினார்கள்.

ரோசம்மா மட்டும் கடைசிவரை கேட்டாள்.

"போயிரும்னா எப்பம் போவும் டீச்சர்?"

"மழை நின்னா பட்டை காஞ்சிரும் அக்கா. தின்ன ஒண்ணும் இருக்காது. நெய்த பட்டுத் துணியையும் அதுகளே தின்னுட்டு நவராத்திரிக்குள்ள காணாமப் போயிரும்."

"அப்பம் நோட்டீசு வெளிய தெரியும்."

"தெரியும்."

"இந்த நெழல விட்டா எனக்கு வேற போக்கு இல்ல டீச்சர்" என்றாள் ரோசம்மா. அன்று தேய்த்த ஒரு சட்டையின் முதுகில் இஸ்திரிப்பெட்டி முக்கோணமாகப் பதிந்துவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் அவள் கருக்கிய முதல் சட்டை. பயம் அவ்வளவு இருந்தது.

ஜெஸி சொன்னது அப்படியே நடந்தது, தெருக்கோடி மரத்தில். அங்கேயும் பூச்சிகள் இதேபோல வலை கட்டியிருந்தன, அது நவராத்திரிக்கு முன்பே உதிர்ந்து பட்டை வெறுமையாகிவிட்டது. குமரன் நிவாஸ் மரத்தில் மட்டும் சட்டை கசங்கக்கூட இல்லை. தீபாவளி போயிற்று, கிறிஸ்துமஸ் போயிற்று. ஜனவரியில் அதன் மேல் பொத்தான் வரிசை ஒன்று புதிதாக வந்தது. ஜெஸி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மரத்தடியில் நாற்காலி போட்டுக் கவனித்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு பூதத்தான் ஒரு கிண்ணத்தோடு வந்து, "அக்கா, ரெண்டு கரண்டி ஊத்து" என்றான். ரோசம்மா ஊற்றினாள். பருத்திப் புடவைக்கு மொடமொடப்பு ஏற்ற அவள் காய்ச்சி வைத்திருக்கும் மைதாக் கஞ்சி.

மரத்தில் ஆணி அடிப்பது குற்றம். கடையில் விற்கும் பசை பட்டில் ஒட்டாமல் வழுக்குகிறது. ஆகவே கஞ்சி. கஞ்சியில் மறுநாளே பூஞ்சணம் பிடிக்கிறது. பூஞ்சணம்தான் அந்தக் குடும்பத்துக்குச் சாப்பாடு. மரத்தைத் தீர்த்துக்கட்ட பிரம்மநாயகம் போட்ட உத்தரவு, அதன் மேல் குடியிருந்தவர்களுக்குத் தினசரி அன்னதானமாக நடந்துகொண்டிருந்தது. ஜெஸி இதை ரோசம்மாவிடம் மட்டும் சொன்னாள். ரோசம்மா மறுநாளிலிருந்து கரண்டியை நிரப்பி ஊற்றினாள். கேட்டதைக் கொடுப்பதில் என்ன பாவம்?

அடுத்த இரண்டு வருஷம் ஊரே முகத்தை மூடிக்கொண்டு திரிந்ததால், மரம் உடம்பை மூடிக்கொண்டதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊரடங்கிலும் பூதத்தான் நோட்டீஸ் ஒட்டினான். அத்தியாவசியப் பணி என்று சேர்மன் கடிதம் கொடுத்திருந்தார். ரோசம்மா வர முடியாத மாதங்களில் கஞ்சி காய்ச்சியது ஜெஸி. சாவந்த் பதவி உயர்ந்து பாண்டுப்புக்கு மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவரும் ஒன்றிலிருந்து எண்ணினார். பை நிறைந்ததும் மரம் வலது பக்கம் இன்னொரு பை வைத்துக்கொண்டது. இரண்டும் போதாதபோது மழைக்காலத்தில் ஒரு கோட்டு வந்தது.

அடுத்த மாதம் சேர்மன் தேர்தல் என்றிருந்த 2024 மே மாதப் பொதுக்குழுவில் யாரோ ஒருவர் எழுந்து, ஐந்து வருஷமாக மரம் ஏன் போகவில்லை என்று கேட்டார். பூச்சி விஷயம் டீச்சரைக் கேளுங்கள் என்று பிரம்மநாயகம் கையைக் காட்டினார். ஜெஸிக்குப் பாடம் நடத்தத் தெரியும், பொய் சொல்லத் தெரியாது. பூஞ்சணத்திலிருந்து கஞ்சிவரை ஒன்று விடாமல் விளக்கினாள். ஒட்டுவதை ஒரு மாதம் நிறுத்தினால் போதும், பட்டு உதிர்ந்துவிடும், அப்புறம் ஒரே ஒரு நோட்டீஸ் ஏழு நாள் நிற்கும் என்றாள். சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. கூட்டம் சேர்மனைப் பார்த்தது. சேர்மன் தன் செருப்பைப் பார்த்தார்.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூதத்தான் வரவில்லை. ரோசம்மா கஞ்சிப் பானையைக் கழுவிக் கவிழ்க்கலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றாள். துணிகளை மூட்டை கட்டிவிட்டாள். யார் மேலேயும் கோபம்கூட வரவில்லை. ஐந்தேகாலுக்கு லிஃப்ட் திறந்து பிரம்மநாயகம் வந்தார். கையில் சொந்தக் கடைச் சரக்கில் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கு. கக்கத்தில் புது நோட்டீஸ். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தூக்கை நீட்டினார். அவள் ஊற்றிய முதல் கரண்டியைச் சாய்த்துப் பார்த்தார்.

"தண்ணியா இருக்கே. நல்லாக் கெட்டியா ஊத்தும்மா" என்றார். "மரம் போயிட்டுன்னா இந்த எலெக்ஷன்ல நான் எதச் சொல்லி நிப்பேன்?"

ரோசம்மா பானையைக் கவிழ்த்தாள், தூக்குக்குள்.