கதவு திறந்தால் மிஷின் நிற்கும்

கேபின் கண்ணாடிக்கு வெளியே பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். ‘உங்கள் உயிர் எங்கள் உயிர்’ என்று ஆளுயர எழுத்துகள். கட்டி முடித்ததும் அவளுக்கு மிஷின் தெரியாமல் போயிற்று. மிஷினை ஓட்டுகிறவளுக்கு மிஷின் தெரிய வேண்டும் என்பது கட்டியவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எழுத்து கோணலாக இருக்கிறதா என்று மட்டும் தள்ளி நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். அவர்கள் போனதும் அவள் ஜன்னலைத் திறந்து ஒரு பக்கக் கயிற்றை அவிழ்த்து, துணியை மடித்துச் செருகினாள். ‘உங்கள் உயிர்’ மடிப்புக்குள் போனது. ‘எங்கள் உயிர்’ வெளியே சுருக்கமில்லாமல் பத்திரமாக இருந்தது.

மடித்த இடைவெளியில் மிஷின் தெரிந்தது. கரித்தூளையும் சூடான தாரையும் பிசைந்த கலவை மேல்தொட்டியிலிருந்து அச்சுக்குள் விழும். பல டன் இரும்புப் பாரம் ஒன்று அதன் தலையில் இறங்கும். அடியில் மேசை அதிரும். அந்த அதிர்வில் கேபினில் இருக்கும் டீ டம்ளர் தானாக நகர்ந்து மேசை விளிம்பு வரைக்கும் வந்து எட்டிப் பார்க்கும். சின்ன பீரோ ஒன்றைப் படுக்கப் போட்டதுபோல ஒரு கரிப்பாளம் வெளியே வந்து தண்ணீருக்குள் புஸ்ஸென்று இறங்கும். ஆபீஸில் அதற்கு ஆனோடு என்று பெயர். தளத்தில் கட்டை. சூளையில் வெந்து, அலுமினியம் உருக்குகிற கூடத்துக்குப் போய், மின்சாரத்தைச் சுமந்து சுமந்தே எரிந்து தீர்ந்துபோகும். கலவையின் சூடு, கட்டையின் உயரம், அதிர்வு மூன்றையும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவள் வேலை. சூடு குறைந்தால் கட்டை விரிசல் விடும். கூடினால் கலவை பாரத்தின் அடியில் அப்பிக்கொள்ளும். அப்பியதைச் சுரண்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அவளுடைய கொழுந்தன்.

சுரண்டப் போகிறவன் கம்பிக் கதவைத் திறந்ததும் மிஷின் தானாக நிற்க வேண்டும். கதவில் அதற்கென்று ஒரு சுவிட்ச் உண்டு. ஆனால் நின்றதைத் திரும்ப ஓட்ட ஆயிரத்தெட்டு சரிபார்ப்பு. அதற்குள் மேல்தொட்டியில் கலவை இறுகும், இறுகினால் கடப்பாரைதான். அதனால் எந்தப் புண்ணியவானோ சுவிட்சின் மேல் ஒரு காந்தத்தை ஒட்டிவிட்டான். காந்தம் இருக்கிறவரை கதவு சாத்தியிருப்பதாகவே மிஷின் நம்பும். ஷிப்டு மாறும்போது, “காந்தம் இருக்குல்ல?” என்று கேட்டுக்கொள்வது நலம் விசாரிப்பதுபோல ஆகிவிட்டது. மேலே இருப்பவர்களுக்கு இது தெரியாது என்று கீழே இருப்பவர்கள் சொல்வார்கள். மேலே இருப்பவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

காலையில் சூப்பர்வைசர் வந்து காந்தத்தை எடுக்கச் சொன்னார். ஒலிபெருக்கி இல்லாமலே ஒலிபெருக்கிக் குரல் என்பதால் அவருக்கு மைக்செட் என்று பெயர். “பாதுகாப்பு வாரம். கம்பெனிப் பெரியவரே நேர்ல வர்றாரு. ஒரு குறை இருக்கக்கூடாது.” எடுத்தார்கள். அதன்பிறகு கொழுந்தன் உள்ளே போகும்போதெல்லாம் மிஷின் நின்றது. மைக்செட்டுக்கு வியர்த்தது. அரை மணி கழித்து மறுபடி வந்தார்.

“அதை ஒட்டிருங்கம்மா.”

“எதை சார்?”

“அதைத்தான்மா. பெரியவர் வர்ற நேரத்துல மிஷின் நின்னுச்சுன்னா அசிங்கமாப் போயிரும்.”

பாதுகாப்பைப் பார்வையிட வருகிறவருக்காகப் பாதுகாப்பைக் கழற்றி வைத்தார்கள். அவள் மறுத்துப் பார்த்தாள். அவர் அதற்குள் படியிறங்கிவிட்டார். கொழுந்தனே போய் ஒட்டிவிட்டு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். தார்ப்புகை பட்ட முகம், வெயிலில் காந்திக் காந்தி செம்புப் பாத்திரம் மாதிரி ஆகியிருந்தது.

“உனக்கு அறிவிருக்கா தம்பி? உன் தலைக்கு மேல தொங்குற பாரத்துக்கு நீயே போய் வழிவிட்டுட்டு வர்றே.”

“அது இறங்கும் முன்னாடி ஒரு சத்தம் வரும் அண்ணி. எனக்குக் காது இருக்கு.”

“காது இருக்கட்டும். அதை மாட்டி வைக்கத் தலை வேணும்ல.”

“நீங்க பாத்துட்டுத்தானே இருக்கீங்க.”

“உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா வீட்ல உன் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது? உங்கண்ணனா? டிவி ரிமோட்டைத் தேடவே என்னைக் கூப்பிடுற மனுஷன்.”

அவன் சிரித்தான். அவளுக்கு அந்தச் சிரிப்பின் மேலேயே ஒன்று வைக்கலாம்போல இருந்தது. மைக்செட் மேல் வருகிற கோபத்தைவிட இது அதிகம். ஓரகத்தியோடு ஒரே அடுப்பில் சமைக்கிறவள் அவள். ஒருநாள் இவன் வீடு திரும்பாவிட்டால் அந்த அடுப்புக்கு முன்னால் போய் எந்த முகத்தோடு நிற்பது?

பெரியவர் வந்தார். முன்னால் இரண்டு கேமரா, பின்னால் ஒரு கூட்டம். எல்லார் தலையிலும் அன்றைக்குத்தான் உறை பிரித்த ஹெல்மெட். தளத்தில் இருபது வருஷமாகத் தேய்ந்தவனுக்கு மாற்று ஹெல்மெட் கேட்டால் ஸ்டோரில், “எழுதிக் குடுத்திருக்கோம்” என்பார்கள். பெரியவர் கம்பிக் கதவுக்கு முதுகைக் காட்டி நின்று பேசினார். தொழிலாளியே நிறுவனத்தின் முதுகெலும்பு என்றார். கண்கள், கைகள், இதயம் என்று ஒவ்வொரு உறுப்பாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கசாப்புக் கடையில்கூட அவ்வளவு விவரமாகச் சொல்ல மாட்டார்கள். பிறகு யாருமே எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார்.

“இதோ இந்தக் கதவு. இதைத் திறந்த மறுநொடி மிஷின் நின்றுவிடும். நானே காட்டுகிறேன்.”

திறந்தார். மிஷின் நிற்கவில்லை. முகம் கேமரா பக்கம் இருந்ததால் அவருக்கு அது தெரியவில்லை. பேசிக்கொண்டே பின்பக்கமாக ஓர் அடி உள்ளே வைத்தார், இன்னோர் அடியும். அச்சு நிரம்பிவிட்டது. பாரம் இறங்கத் தொடங்கிற்று. மைக்செட்டின் வாய் திறந்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அதிலிருந்து சத்தம் வரவில்லை. மடித்த பேனரின் இடுக்கு வழியாக இதையெல்லாம் பார்த்த அவளுடைய உள்ளங்கை, மிஷினை உடனே நிறுத்தும் சிவப்புப் பொத்தானின் மேல் விழுந்தது.

பாரம் கிறீச்சிட்டு, பெரியவரின் ஹெல்மெட்டுக்குச் சற்று மேலே நின்றது. அடியில் அப்பியிருந்த கலவையில் ஒரு துணுக்கு உதிர்ந்து அவர் தோளில் விழுந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கைகளை விரித்தார்.

“பார்த்தீர்களா? நின்றுவிட்டது.”

கைதட்டினார்கள். மைக்செட் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். சுரண்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கொழுந்தனும் தட்டினான். அவள் கை இன்னும் பொத்தான் மேலேயே இருந்தது. அழுத்தியது அவள், கைதட்டல் கதவுக்கு. அந்தக் கதவு ஒரு புது மாப்பிள்ளை மாதிரி புகைப்படத்துக்கு நின்றது. பிறகு கூட்டம் பழரசம் வைத்திருந்த பந்தலுக்கு நகர்ந்தது.

வாக்கிடாக்கியில் மைக்செட்டின் குரல் கரகரத்தது. “சூப்பர்மா. ஆளை உள்ள அனுப்பி அடியில சுரண்டிட்டு, உடனே ஸ்டார்ட் பண்ணுங்க. தொட்டி இறுகிரும்.”

“முதல்ல காந்தத்தை எடுங்க சார்.”

“எதுக்குமா? இப்பத்தான் பெரியவரே திறந்து காட்டிட்டாரே, நல்லா வேலை செய்யுதுன்னு. வீடியோவே இருக்கு.”

நேற்றுவரை அது ஒளித்து வைத்த தப்பு. இன்றைக்கு அதற்கு மாலை போட்டாயிற்று. இனி யார் போய்ச் சொன்னாலும் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டுவார்கள். ஜன்னலுக்குக் கீழே கொழுந்தன் சுரண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுப் பக்கம் நடந்துகொண்டிருந்தான்.

“தம்பி, நில்லு.”

மேசை டிராயரை இழுத்தாள். வேலையில் சேர்ந்த அன்று ஆளுக்கு ஒரு பூட்டு கொடுத்திருந்தார்கள், மிஷினுக்குள் போகும்போது மெயின் சுவிட்சில் மாட்டுவதற்கு. எல்லாரும் அதை வீட்டு கேட்டுக்குப் போட்டுக்கொண்டார்கள். அவளுடையது பிளாஸ்டிக் உறைக்குள் அப்படியே கிடந்தது. படியிறங்கிப் போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்து, அதன் சிவப்புக் கொண்டியில் பூட்டை மாட்டி அழுத்தினாள். சாவியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள்.

மைக்செட் பந்தலிலிருந்து ஓடிவந்தார். கையில் பழரசம் தளும்பிற்று.

“என்னம்மா பண்றீங்க? சாவியைக் குடுங்க.”

“தரமாட்டேன் சார். பெரியவரைக் கூட்டிட்டு வாங்க. என் கை பொத்தான்ல இல்லாம, அந்தக் கதவை இன்னொரு தடவை அவரே திறந்து காட்டட்டும்.”

“தொட்டி இறுகினா யார் பொறுப்பு தெரியுமா? வேலை போயிரும். உங்களுக்கு மட்டும் இல்ல.” அவர் கொழுந்தனைப் பார்த்தார்.

“அண்ணி,” என்றான் அவன். குரலில் விளையாட்டு இல்லை. “நான்தான் ஒட்டுனேன்னு சொல்லுவாங்க. என் வேலையும் சேந்து போகும்.”

“போகும். தெரியும்.”

“வீட்ல ரெண்டு சம்பளமும் நின்னுரும்.”

“நின்னா நிக்கட்டும். நீ நடந்து வீட்டுக்கு வருவேல்ல.”

மைக்செட் வாக்கிடாக்கியை வாய்வரை கொண்டுபோனார். மறுபடி இறக்கினார். பிறகு பந்தலைப் பார்த்து நடந்தார். ஓடவும் முடியாத, நிதானமாகப் போகவும் முடியாத ஒரு நடை. மேலே தொட்டிக்குள் கலக்கும் தண்டு மட்டும், அதற்குத் தனி சுவிட்ச் என்பதால், சுற்றிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து, தொண்டை கட்டினவன் முனகுவதுபோல ஆனது. கொழுந்தன் சுரண்டியைத் தரையில் ஊன்றி நின்றான். அண்ணியைப் பார்க்கவில்லை, பந்தலையும் பார்க்கவில்லை. சிவப்புக் கொண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஆறு பேர் பூட்டுவதற்கு ஆறு துளைகள். ஒன்றில் அவள் பூட்டு தொங்கியது. மற்ற ஐந்திலும் கரித்தூள் அடைத்திருந்தது.