வாசிக்கிற குரல்

1

இந்தக் கதை என் அக்காவிடமிருந்து வந்தது. சொந்தக் கற்பனை என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் அவள் இதைப் படிப்பாள். படித்த கையோடு போன் செய்வாள். அதனால் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஆலயத்தின் சன்னல் வழியே விழுந்த ஒளியில் அவள் வேதத்தைத் திறந்தபோது…’

வேண்டாம். அக்கா ஒளியில் நிற்கிற ஆளில்லை. மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கிற ஆள்.

2

அக்கா ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். அவள் வார்டுக்குள் நுழைந்தால் காய்ச்சல்கூடப் பயந்து இறங்கிவிடும் என்பார்கள். [கொஞ்சம் மிகை. இருக்கட்டும்.] வீட்டிலும் அதே அதட்டல். அத்தான் உயிரோடு இருந்தவரை அதற்குப் பழகியிருந்தார். மகனும் பழகிவிட்டான். போன வருடம் கல்யாணமாகி வந்த மருமகளுக்குத்தான் பழகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பைபிளிலிருந்து வேதபாடம் வாசிப்பதும் அக்காதான். அப்போது அவள் குரலே வேறு. ஒவ்வொரு சொல்லையும் உள்ளங்கையில் ஏந்திக் கொடுப்பதுபோல வாசிப்பாள். பின்வரிசையில் கண்ணயர்ந்தவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

3

மருமகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அதிகம் பேசாதவள். ஒரு மாலை பால் பொங்கி வழிந்ததற்கு அக்கா கத்தித் தீர்த்தாள். மருமகள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டாளாம்:

“அத்தை, ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளேன்.”

“கோயில்ல வாசிக்கிறீங்கல்ல, அந்தக் குரல்ல ஒருநாள் என்கிட்ட பேசுவீங்களா?”

(இந்த இடத்தில் மருமகளைச் சந்தேகித்தேன். குத்திக்காட்டினாளோ? அவளையே கேட்டுவிட்டேன். “இல்ல சின்ன மாமா, நெஜமாவே ஆசையா இருந்துச்சு” என்றாள். இதைவிட நல்ல வசனம் எனக்கு வராது.)

அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எனக்குப் போன் செய்தாள். “அவ என்னை வேஷக்காரின்னுட்டாடா.” சற்றுப் பொறுத்து, “அவ அப்படிச் சொல்லல. எனக்கே தோணுது” என்று அழுதாள்.

மகனும் மருமகளும் தனியாக வீடு பார்க்கத் தொடங்கியிருந்தது அந்த வாரம்தான் அவளுக்குத் தெரியவந்தது.

4

இங்கே எனக்கு ஒரு முடிவு தோன்றியது. அடுத்த ஞாயிறு நாவடக்கம் பற்றிய வேதபாடம். அக்கா பாதியில் நிறுத்திவிட்டு இறங்கி வந்து, சபை முழுவதும் பார்க்க மருமகளைக் கட்டிக்கொண்டு…

அடித்துவிட்டேன். அன்று அவள் தடங்கலே இல்லாமல் வாசித்தாள். வீட்டுக்கு வந்து அதே குரலில், “மகளே, சாப்பிட வாம்மா” என்று கூப்பிட்டாள். மருமகள் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“நல்லா இல்லையா?”

“ஜெபக்கூட்டத்துக்குக் கூப்பிடுற மாதிரி இருக்கு அத்தை.”

இருவரும் சிரித்தார்கள். ஆனால் வீடு தேடுவது நிற்கவில்லை.

(அடிக்குறிப்பு: “வாசிக்கிற வசனம் கண்ணுலேர்ந்து வீட்டுல பேசுற வாய்க்கு வர இத்தனை வருஷமாடா?” என்று அக்கா கேட்டாள். எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது?)

5

பிறகு ஒரு ஞாயிறு காலை, கிளம்புகிற அவசரம். அக்காவின் புடவைக்கு மருமகள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் கடைசியாக வாங்கிக்கொடுத்த புடவை. போன் அடித்ததும் ஒரு நொடி திரும்பினாள். முந்தானை தீய்ந்துவிட்டது. பதறிப்போய்ச் சூடான இஸ்திரிப் பெட்டியை வெறுங்கையால் தள்ளினாள்.

தீய்ந்த வாடைக்கு அக்கா ஓடி வந்தாள். புடவையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மருமகள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

“சுட்டுக்கிட்டியா? கையைக் காட்டு.”

ஆலயத்துக் குரல் இல்லை. வார்டுக் குரலும் இல்லை. கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. குழாயைத் திறந்து மருமகளின் கையைத் தண்ணீருக்கடியில் பிடித்துக்கொண்டாள்.

“புடவை அத்தை… மாமா வாங்கிக் குடுத்தது…”

“அவர் இருந்திருந்தாலும் முதல்ல கையத்தான் பாத்திருப்பார்.”

அன்று வேதபாடத்தை வேறு யாரோ வாசித்தார்கள்.

6

முடிவு. புது வீட்டுச் சாவி மகன் கைக்கு வந்துவிட்டது. போனார்களா, இருந்தார்களா என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. போனார்கள் என்றால் அக்கா தோற்றாள் என்பீர்கள்; இருந்தார்கள் என்றால் ஜெயித்தாள் என்பீர்கள். இரண்டும் அவளுக்குப் பொருந்தாது. சாவியை உங்களிடமே கொடுத்துவிடுகிறேன்.

நான் குழாயடியிலேயே நின்றுகொள்கிறேன். தண்ணீர் ஓடுகிறது.

“எரியுதா?”

“இப்ப இல்ல அத்தை.”

“பரவால்ல. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.”