பத்துக்கு ஒரு நிமிடம்

ஆய்வுக்கூடத்துப் பதினேழாம் எண் செம்மறியின் இதயத்தில் உலோக வால்வு பொருத்திய மறுநாளிலிருந்து ஊரிலுள்ள கடிகாரங்கள் எல்லாம் அதன் துடிப்பைக் கேட்டு ஓடின. வால்வு மூடும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். எல்லா முட்களும் ஒரு நொடி நகரும். ஆடு அசைபோட்டபடி படுத்துவிட்டால் பள்ளிக்கூடத்தில் கணக்கு வகுப்பு முடியவே முடியாது. ஊசியைக் கண்டு மிரண்டால், மதியச் சாப்பாடு செரிப்பதற்குள் அலுவலகங்கள் பூட்டப்படும். முதல் வாரம் ஊரார் கடிகாரக் கடைக்காரரைத் திட்டினார்கள். அடுத்த வாரம் ஆட்டைத் திட்டினார்கள். பிறகு பழகிப்போயிற்று.

ஆய்வுக்கூடத்தில் ஆடுகளைப் பார்த்துக்கொண்டவனுக்கு இதில் புகார் எதுவும் இல்லை. மனைவி இறந்த அன்று நின்றுபோன அவன் வீட்டுச் சுவர்க் கடிகாரமும் இந்த ஆட்டால்தான் மறுபடி ஓடியது. ஆடுகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது விதி. அவன் வைக்கவில்லை. 'பதினேழு' என்று கூப்பிட்டான், அது திரும்பிப் பார்த்தது.

நூற்று நாற்பதாம் நாள் காலை பத்து மணிக்கு ஆட்டைக் கொன்று, வால்வை வெளியே எடுத்து, அதில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிமிடம் பிசகினால் ஐந்து மாத வேலையும் குப்பை. இப்படித் திட்டம் எழுதியவர் அறுவை சிகிச்சை டாக்டர். வராந்தாவில்கூட ஓடித் திரிவதால் அவருக்கு 'அவசரம்' என்று பெயர்.

அன்று காலை அவர் கையுறை மாட்டி நின்றார். இவன் வைக்கோலில் உட்கார்ந்து, ஆட்டின் தலையை மடியில் வைத்துக் காதுக்குப் பின்னால் சொறிந்தான். ஆடு கண்ணை மூடியது. மணி ஒன்பது ஐம்பத்தொன்பது.

"யோவ், சொறிஞ்சது போதும். எழுந்திரு."

"பயந்த ஆட்டை அறுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் எழுதி வெச்சிருக்கீங்க?"

எழுதித்தான் வைத்திருந்தார்.

சொறியச் சொறிய, ஆட்டின் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் ஒரு மழைக்காலம் முழுக்கப் பெய்து ஓய்ந்தது. டாக்டருக்குத் தலை நரைத்தது; கையுறையைக் கழற்றவில்லை. பத்து மணிக்கு நடக்க வேண்டிய கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளையும் பெண்ணும் காத்திருந்து சலித்து இரண்டு குழந்தை பெற்றுக்கொண்டார்கள். பத்து மணிக்குத் திறக்கும் அரசு அலுவலகங்கள் திறக்கவே இல்லை. பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

ஒவ்வொரு வருடமும் அவன் அக்கா ஒரு புதுப் புகைப்படத்தோடு வந்தாள்.

"டேய், எத்தனை நாளைக்குடா இப்படியே? நல்ல பொண்ணுடா. சரின்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

"பத்து மணி ஆகட்டும்க்கா."

அக்கா அங்கிருந்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்; ஒன்பது ஐம்பத்தொன்பது. நியாயமாகத்தான் பட்டது. புகைப்படத்தைப் பைக்குள் போட்டுவிட்டு வைக்கோலில் உட்கார்ந்து, ஆட்டின் இன்னொரு காதைச் சொறிய ஆரம்பித்தாள்.