இரண்டு கியருக்கு நடுவில் பத்து வருஷம்

டாயில் ஸ்டக்கி முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவில் முப்பத்தொரு நாள் தங்கிவிட்டுத் திரும்பியது ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்றேகால் மணிக்கு. இந்தியானாவில் வார்டன் ஊருக்கு வெளியே, சோளக்காட்டை ஒட்டினாற்போல் இருக்கும் எட்டில் ஒரு மைல் பந்தயத் தடத்தில் அது நடந்தது. மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு கிளம்பியவன் ஆறு விநாடி கழித்து மறுமுனையில் தாடியோடு இறங்கினான். சவரக் கத்தியை எடுத்துப் போக மறந்துவிட்டானாம். அவன் மனைவி வெர்னா தாடியைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்த்தாள். ஒட்டுத்தாடி இல்லை. "எத்தனை தடவைடா இப்படிப் போயிருக்க?" என்றாள். டாயில் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். நான்கு கோடைக்காலமாக, தடத்தில் ஓடிய ஒவ்வொரு முறையும், என்று ஒப்புக்கொண்டான்.

அவன் நரைத்துக்கொண்டு வந்ததை வெர்னா பார்க்காமல் இல்லை. என்ஜினுக்குப் பலமேற்றும் டர்போ வாங்கும் ஆண்களுக்கு அப்படித்தான் ஆகும் என்று நினைத்திருந்தாள். இப்போது அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்த கோபம் பாதி அவன்மேல், பாதி தன் கைவேலையின்மேல். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்துக் கட்டுவதில் அந்த வட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பள்ளிப் பேருந்து, சோளம் ஏற்றும் லாரி, ஷெரிப்பின் வண்டி எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். அப்பேர்ப்பட்டவள் பிரித்துக் கட்டிய பெட்டி வழுக்குகிறதாம்! வழுக்காமல் என்ன செய்யும்? காரோடு வந்த அந்தப் பெட்டி இருநூறு குதிரைச் சக்திக்குப் பிறந்தது. டாயில் குளிர்காலத்துக்கு ஒரு டர்போவாக மாற்றி மாற்றி, தொள்ளாயிரத்துக்கு ஏற்றி வைத்திருந்தான். கியர் மாறும்போது உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் அத்தனை பலத்தைப் பிடிக்கமுடியாமல் கொஞ்ச நேரம் வழுக்கிவிட்டுத்தான் கவ்வின. வெளியே இருப்பவர்களுக்கு அது கண்ணிமைக்கும் நேரம். இருக்கையில் இருப்பவனுக்கு அது முதல் சில ஓட்டங்களில் ஒரு நிமிஷமாக இருந்தது, பிறகு ஒரு சாயங்காலம், பிறகு ஒரு வாரம், இரண்டாவது கோடையிலிருந்து ஓட்டத்துக்கு ஒரு மாதம்.

அந்த இடைவெளியில் எல்லாம் நின்றுவிடும். டர்போவின் விசில் ஒரே சுருதியில் தொங்கும், டயர் புகை அப்படியே நிற்கும், சோளக்காட்டுக்கு மேலே ஒரு காக்கை நகராது. கதவைத் திறந்துகொண்டு இறங்கி நடக்கலாம்; விசிலின் சுருதி ஏறத் தொடங்கினால் ஓடி வந்து இருக்கையில் உட்கார்ந்துவிட வேண்டும். ஆனால் காரில் கொண்டுபோனதைத் தவிர எதையும் அசைக்க முடியாது; சோளத்தின் ஓர் இலையைக்கூட. பசி, தாகம் கிடையாது. நகமும் முடியும் வயதும் மட்டும் லீவு எடுக்காமல் வளரும். டாயில் பின்னிருக்கையில் ஒரு மடக்கு நாற்காலி வைத்திருந்தான். வண்டிகளைச் சோதிக்கிறவர்கள் அதைப் பார்த்தார்கள், ஏன் என்று கேட்கவில்லை. விஷயம் ஊருக்குத் தெரிந்ததும் மெதடிஸ்ட் பாதிரியார் தன் பிரசங்கத்தை எழுதி முடிக்க ஒரே ஒரு ஓட்டம் கேட்டு வந்தார். வருமான வரிப் படிவம் நிரப்பித் தருபவர், கெடு முடியும் ஏப்ரலுக்கு இரண்டு கேட்டார். வெர்னா இருவரையும் விரட்டிவிட்டாள்.

தாடியோடு இறங்கிய அந்தச் சனிக்கிழமையே பெட்டியை மாற்றுவதென்று முடிவாகியிருந்தது. டாயிலுக்கு நாலு கியர் பெட்டிமேல் ஆசை. நெடுஞ்சாலையில் என்ஜின் அலட்டிக்கொள்ளாமல் ஓடும், பெட்ரோலும் மிச்சம் என்றான். வெர்னா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நாலு கியர் என்றால் நடுவில் மூன்று இடைவெளி; அதோடு அதன் உள்ளே சுழலும் ஷாஃப்ட் இந்தப் பலத்துக்கு முறுக்கிக்கொண்டு போகும். கனரக லாரியிலிருந்து வந்த மூன்று கியர் பெட்டி இரும்புக்குண்டு மாதிரி உறுதி, ஆனால் அதிலும் இரண்டு இடைவெளி. மிஞ்சியது பழைய இரண்டு கியர் பெட்டி. சின்னது, கனமில்லாதது, ஒரே ஒரு இடைவெளி. உதிரிபாகக் கடைக்காரர், "ரெண்டே கியரா? பால் வண்டிக்கா கட்டற வெர்னா?" என்று சிரித்தார். "என் புருஷன் வண்டியில இருக்கற பலத்துக்குப் படிக்கட்டு வேண்டாம், ஒரு தள்ளு போதும். நீ ஷாஃப்டை எடு" என்றாள் அவள்.

ஜூலையும் ஆகஸ்டும் அதிலேயே போயின. உள்ளே இருந்த ஷாஃப்டைத் தூக்கி எறிந்துவிட்டு, பதப்படுத்திய எஃகில் கடைந்ததைப் போட்டாள். ஐந்து கிளட்ச் தட்டு இருந்த இடத்தைக் குடைந்து எட்டுத் தட்டை உட்கார வைத்தாள். ஆயில் போகும் துளைகளை அகலப்படுத்தி, பிரஷரை ஏற்றி, ஆயிலைக் குளிர்விக்க வண்டியின் முகப்பில் பெரிய கூலர் ஒன்றை மாட்டினாள். செப்டம்பரில் முதல் ஓட்டத்தில் இரண்டாம் கியர் முதுகில் உதைத்த மாதிரி விழுந்தது. இடைவெளி ஒரு காபி குடிக்கும் நேரமாகச் சுருங்கிவிட்டது. டாயில் முகத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டாலும், எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் அடுத்த ஞாயிறு, தேவாலயம் முடிந்து சாப்பிடப் போன இடத்தில் புதிதாக வந்த பரிசாரகப் பெண் வெர்னாவிடம், "உங்க அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் காபி ஊத்தட்டுமா மேடம்?" என்று கேட்டுவிட்டாள். டாயில் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். வெர்னா சிரிக்கவில்லை. அவனைவிட அவள் இரண்டு வயது மூத்தவள்; கல்யாணத்தின்போது தம்பியைக் கட்டிக்கொண்டாள் என்று ஊரே கேலி பேசியது. இடைவெளியில் அவன் தொலைத்தது மொத்தம் பன்னிரண்டு வருஷம். அவளுக்கு முப்பத்துநாலு, அவனுக்கு நாற்பத்துநாலு, அதிலும் நிழலே இல்லாத மூன்றேகால் மணி வெயிலில் காய்ந்த நாற்பத்துநாலு. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவளுக்கு அழுகை வந்தது. "நீ பாட்டுக்கு முன்னாடி போய்ச் சேந்துடுவ. அப்புறம் பத்து வருஷம் நான் தனியா உக்காந்து உன் டர்போவையா பாத்துட்டு இருக்கணும்?" என்றாள். 

மறுநாள் வழுக்கிய பழைய பெட்டியை மேசைக்கடியிலிருந்து இழுத்துப் போட்டாள். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பெட்டியை வேண்டுமென்றே மோசமாகக் கட்ட உட்கார்ந்தாள். தட்டுகளைத் தேய்த்து மெலிதாக்கினாள், ஸ்பிரிங்குகளைத் தளர்த்தினாள், பிரஷரை இறக்கினாள். கை கேட்கவில்லை, தன்னையறியாமல் இரண்டு முறை இறுக்கிவிட்டு மறுபடி தளர்த்த வேண்டியிருந்தது. எவ்வளவு வழுக்கினால் எத்தனை நாள் என்பதைக் கருகிய தட்டுகளும் டாயிலின் தாடியும் அவளுக்குச் சொல்லியிருந்தன. அவளுக்கு வேண்டியது சரியாகப் பத்து வருஷம். ஒரு மயிரிழை கூடிப்போனால் தட்டு பிடிக்கவே பிடிக்காது. அவள் அங்கேயே இருந்துவிட வேண்டியதுதான்.

"வேண்டாம் வெர்னா. பிடிக்கலைன்னா?" என்று டாயில் கெஞ்சினான்.

"நான் கட்டின பெட்டி. பிடிக்கும்."

"உனக்குத் தெரியாது. அங்க நீ வேலி ஓரமா நிப்ப, நான் எதிர்ல நாற்காலி போட்டு உக்காருவேன். முதல் நாள் அப்பாடான்னு இருக்கும், ஒரு பேச்சுமூச்சு இல்லை. மூணாம் நாளே, ஒரு திட்டாவது திட்டித் தொலைக்க மாட்டாளான்னு இருக்கும். பத்து வருஷமெல்லாம் உன்னால ஆகாது."

அப்படியானால் அதற்கும் சேர்த்து இப்போதே திட்டிவிடுகிறேன் என்று அரை மணி நேரம் திட்டிவிட்டு, வெர்னா பெட்டியை மாட்டினாள்.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை ஓடினாள். நாற்காலியும் பன்னிரண்டு உருண்டை நூலும் இரண்டு பின்னல் ஊசியும் எடுத்துக்கொண்டாள். டாயில் பதற்றத்தில் கடுகுச் சட்னி தடவிய ஹாட் டாக் ரொட்டி ஒன்றை வாங்கிக் கடித்தபடி வேலியோரம் நின்றான். பச்சை விளக்கு எரிந்தது, கார் பாய்ந்தது, கியர் மாறும் இடத்தில் என்ஜின் ஒரு கணம் வீறிட்டது. ஏழு விநாடி, போன மாதத்தைவிட மட்டமான நேரம் என்று ஒலிபெருக்கி சொன்னது. டாயில் கடித்ததை மெல்லவில்லை. திரும்பும் பாதையில் கார் மெதுவாக வந்து நின்றது.

இறங்கியவளுக்குக் காதோரம் நரைத்திருந்தது, சடை இடுப்புக்குக் கீழே தொங்கியது, கண்ணோரம் சுருக்கம் விழுந்திருந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து நாற்காலித் துணி கிழிந்திருந்தது. நேராக வேலிக்கு வந்து, கட்டைவிரலால் அவன் தாடையில் வழிந்திருந்த கடுகுச் சட்னியைத் துடைத்தாள்.

"பத்து வருஷம் நாலு மாசம்" என்றாள். "வாயைப் பிளந்துட்டு, தாடையில இதோட நின்ன. துடைக்கவும் முடியலை, எழுந்து வேற எங்கயாவது போகவும் மனசு வரலை."

டாயில் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பேசேன்டா" என்றாள் வெர்னா.  "எதையாவது பேசு."

ஒலிபெருக்கி அடுத்த ஜோடியைத் தடத்துக்குக் கூப்பிட்டது. டாயில் கையிலிருந்த ஹாட் டாக்கைப் பார்த்தான். "உனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டான்.

"வாங்கு" என்றாள் வெர்னா. "வெங்காயம் நிறையப் போடச் சொல்லு."