காதைச் சொல்லி வாங்கிய ஓய்வு

குடிநீர் வாரியத்தின் பம்ப் ஹவுசில் 'ஸ்பீக்கர்' என்று கேட்டால்தான் அவரைக் காட்டுவார்கள். நாலு மோட்டார்கள் ஒன்றாக இரையும் கொட்டகையில் பாதி ஆயுளைக் கழித்தவர். வீட்டில் உப்பு கேட்டால்கூடத் தெருமுனைக்குக் கேட்கும். ஷிப்டு மாறி மாறி உடம்பு சலித்துவிட்டது. வேலையை விட்டுவிட்டு மனைவியோடு நிம்மதியாக நாலு இடம் போய்வர வேண்டும் என்று ஆசை.

ஆனால் விதி குறுக்கே நின்றது. தலைவிதி அல்ல, பணிவிதி. விரும்பிப் போனால் அறுபது வயது வரை பென்ஷன் கண்ணில் படாது. உடம்பு முடியாமல் போனால் மறுமாதமே முழுப் பென்ஷன். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் கூட வேலை பார்க்கும் பிட்டர். எடுத்ததற்கெல்லாம் சட்டம் பேசுவதால் அவருக்கு 'வக்கீல்' என்று பட்டம்.

"அண்ணே, முதுகுவலின்னு போனா படம் எடுத்துப் பார்த்துடுவாங்க. காதுன்னு சொல்லுங்க. கூப்பிட்டா திரும்பாதீங்க, அவ்வளவுதான்."

"பொய் சொல்ல நாக்கு கூசுதேப்பா."

வக்கீல் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "பொய்யெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. போயிட்டு வாங்க," என்றார்.

ஒரு வாரம் வீட்டில் ஒத்திகை நடந்தது. மனைவி கூப்பிட்டால் பிடித்து வைத்த பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பார். அவளோ அலட்டிக்கொள்ளவே இல்லை. பக்கத்தில் வந்து தோளைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போனாள். நம் நடிப்பு பிரமாதம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கும் பெண் அவரை மெத்தை வைத்துத் தைத்த சுவர்களுள்ள சின்ன அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள். ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் அழுத்துவது என்று அவர் தீர்மானித்திருந்தார். வெகு நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. 'இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது' என்று காத்திருந்தார். அதற்குள் அவள் வந்து கதவைத் திறந்துவிட்டாள்.

அடுத்து அவரைப் படுக்கவைத்துத் தலையில் ஒயர்களை ஒட்டினாள். "இதுல நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். சத்தம் உள்ளே போனா மூளையே காட்டிக்கொடுத்துடும். தூங்கினாலும் பரவாயில்ல."

வேலையும் போய் மானமும் போகப் போகிறது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தார்.

முடிந்ததும் அவள் எதிரே உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். "இடது காது கிட்டத்தட்ட முழுசாப் போயிடுச்சுங்க. வலதுல பாதிதான் மிச்சம். முன்னாடியே வந்திருக்கலாம்."

அவர் எழுந்தே விட்டார். "இல்லம்மா, தப்பு! நான் பென்ஷனுக்காக நடிக்க வந்தவன். எனக்கு நல்லாக் கேக்கும்! இப்ப நீங்க பேசுறது கேக்குதே!"

அவள் மேஜையிலிருந்த தாளை எடுத்துத் தன் வாயை மறைத்துக்கொண்டாள். தாள் லேசாக ஆடியது. பிறகு கீழே இறக்கினாள்.

"என்ன செஞ்சீங்க?"

"உங்க கூட வந்திருக்கிறது யாருன்னு மூணு தடவை கேட்டேன். நீங்க காதால கேக்கலீங்க. உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கிறீங்க."

அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். பொய் சொல்லப் போனவன் முகத்தில் உண்மை அறைந்தால் எங்கே கைவைத்துத் தடவுவது?

தாழ்வாரத்து பெஞ்சில் மனைவி காத்திருந்தாள். சொன்னார். அவள் முகத்தில் ஆச்சரியத்தின் சாயலே இல்லை.

"உனக்கு முன்னமே தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். உங்க வக்கீலுக்கும் தெரியும். மோட்டார் சத்தம் மாறுதான்னு அவர்தானே உங்க பக்கத்தையும் ஒரு சுத்து பார்த்துட்டு வரார்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எத்தனையோ தடவை சொன்னேங்க. காதுலயே வாங்கல. டாக்டர்கிட்ட போலாம்னா, எனக்கென்ன கேடுன்னு எரிஞ்சு விழுவீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "வேற எதைக் கேக்காம விட்டேன்?" என்றார்.

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"நம்ம பொண்ணுக்குக் கரு கலைஞ்சப்ப முதல்ல உங்களுக்குத்தான் போன் பண்ணினா. அழுதுகிட்டே சொன்னாளாம். நீங்க 'ரொம்ப சந்தோஷம்மா, ரொம்ப சந்தோஷம்'னு சொல்லி வச்சிட்டீங்க."

அவருக்கு அந்த போன் நினைவிருந்தது. கொட்டகை வாசலில் நின்று, இடது காதில் வைத்துப் பேசியது. சரியாகக் கேட்காததற்கு மோட்டார் இரைச்சல்தான் காரணம் என்று விட்டுவிட்டார். குழந்தை அசைகிறது என்று சொல்கிறாள் என்று நினைத்திருந்தார். மறுநாள் மனைவி விவரம் சொல்லி அழுதபோது, தன்னிடம் மகள் மறைத்துவிட்டதாக மனத்தாங்கல்கூடப் பட்டார். அதன்பிறகு அவளிடமிருந்து அவருக்கு போனே வரவில்லை. வேலை அதிகம் என்று நினைத்திருந்தார்.

"அப்பாவுக்குக் கேக்கலன்னு அவளுக்குத் தெரியும்," என்றாள் மனைவி. "ஆனா அந்த வார்த்தை மனசை விட்டுப் போகலம்மாங்கிறா."

வாரியம் மறுபேச்சில்லாமல் ஓய்வை அனுமதித்தது. உத்தரவைக் கொண்டுவந்து கொடுத்த வக்கீல் ஏதோ வேடிக்கையாகப் பேச வாயெடுத்து, அவர் கண்ணைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். ஸ்பீக்கர் அந்த உத்தரவைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்துவிட்டு, மனைவியோடு பஸ் ஏறினார்.

மகள் கதவைத் திறந்தாள். உட்கார இடம் காட்டிவிட்டு, இயல்பாக அவருடைய வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். இவள் இத்தனை வருஷமும் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்தாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஸ்பீக்கர் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"அன்னைக்கு நீ சொன்னது எனக்குக் கேக்கலம்மா."

"தெரியும்பா."

"இப்ப சொல்றியா? முதல்லேர்ந்து."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் நகர்ந்து, மகளின் உதடு தெளிவாகத் தெரியும்படி திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவள் சொல்லத் தொடங்கினாள்.