முக்காலியில் தொங்கிய கறி

1

இந்தக் கதை ஒரு மான்தொடையிலிருந்து பிறந்தது. மலையுச்சியில், அளவைக் கருவியின் முக்காலியில் அது தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: எல்லையற்ற வெண்மையின் நடுவே, தன்னந்தனியாக...

(கோடைக்காலம். வெண்மை எங்கே இருந்தது? கொசுதான் இருந்தது. விட்டுவிட்டேன்.)

2

கிரீன்லாந்தின் பழைய வரைபடத்தில் எங்கள் ஊர் கடலுக்குள் நிற்கிறது. நாங்கள் பாட்டுக்கு நீருக்கடியில் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறோம். ஊரைக் கரையேற்ற, நில அளவைக்காரி இவாலு ஒரு பாறையில் பித்தளை ஆணி பதித்து, அதற்கு நேர்மேலே கருவியை நிறுத்தினாள். மலைக்கு மலை இப்படி ஓர் ஆணி. கணக்கால் பிணைத்தால் ஒரு வலை. எங்களுடையது கடைசி முடிச்சு. மாலை ஹெலிகாப்டர் வரும்வரை கருவி அசையாமல் நின்று செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கேட்கவேண்டும். அதன்பின் இந்த ஆண்டு யாரும் மலையேறப்போவதில்லை.

பனிக்கரடி வந்தால் விரட்ட, துப்பாக்கியோடு நான் காவல். இருவரும் கீழே கூடாரத்தில் சாப்பிட்டுவிட்டு ஏறி வந்தால், தொடை. பக்கத்தில் தோபியாஸ், வேட்டைக்காரர்.

3

(இவாலுவை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.)

தோபியாஸின் இறந்துபோன அத்தையின் பெயரை இவளுக்கு வைத்தார்கள்; எங்கள் ஊரில் பெயரோடு உறவும் வந்துவிடும். அதனால் அறுபது வயதுக்காரருக்கு இவள் அத்தை.

"டேய் மருமகனே, என்னடா பண்ணி வெச்சிருக்க?"

"மூணு காலு நிக்குது, நரிக்கு எட்டாது. கறி காயப்போட நட்டிருக்கேன்னு நெனச்சேன். மொதத் தொடை அத்தைக்குத்தானே?"

"முக்காலி நகந்துடுச்சு! காலையிலேர்ந்து அளந்ததெல்லாம் போச்சு. இனி ஆரம்பிச்சா சாயங்காலத்துக்குள்ள முடியாது."

"அப்ப ஊரு?"

"தண்ணிக்குள்ளயே கெடக்கும். நீயும் சேந்து நீந்து."

தோபியாஸ் கடலைப் பார்த்தார்.

"அத்தை, மூடுபனி எறங்குனா ஹெலிகாப்டர் வராதுல்ல? மறுபடி அளக்க நேரம் கெடைக்கும்ல?"

இவாலு சிரித்துவிட்டாள். முக்காலியை மறுபடி ஆணிக்கு நேராக நிறுத்தினாள். தொடை கீழே சட்டிக்குப் போனது.

4

ஹெலிகாப்டர் நேரத்துக்கு வருவதாக ஒரு முடிவு எழுதலாம். கை வரவில்லை. மூடுபனி எனக்கு ஒரே வரி வேலை. ஆனால் என் ஊருக்காக நானே பனி எழுதினால் யார் நம்புவார்கள்?

கறி வெந்துவிட்டது. கடல்மேல் மெல்லிய வெள்ளைக் கீற்று. அதற்கு அப்பால் ஏதோ இரைச்சல்.

"ஊது அத்தை!" தோபியாஸ் கன்னம் உப்ப ஊதுகிறார். மாலைக் குளிரில் அவர் மூச்சு வெள்ளையாக மிதந்து கலைகிறது. இவாலு ஊதுகிறாள். வாயில் கறியோடு நானும்.

மூன்று பேர் மூச்சு போதவில்லை. நீங்களும் கொஞ்சம் ஊதுங்களேன்.